குரூஸ் கப்பலில் கிண்டில்: கடலில் இணையச் செலவைக் குறைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரிலிருந்து கப்பல் ஏறுவதற்கு இரண்டு வாரம் முன்பு அத்தை மகன் போன் செய்தான். "மச்சான், பழைய 3ஜி கிண்டில் ஒண்ணு மூவாயிரத்துக்குக் கிடைச்சுது. உலகம் பூரா இலவச நெட்டாம். கப்பல்ல வைஃபைக்குப் பணமே கட்ட வேண்டாம்" என்றான். குரலில் அவ்வளவு சந்தோஷம். அவனிடம் உண்மையைச் சொல்ல எனக்கு மனமே வரவில்லை, ஆனாலும் சொன்னேன்.

கிண்டில் என்பது அமேசானின் மின்னூல் படிக்கும் கருவி. அவன் கேள்விப்பட்டது பொய்யல்ல, காலாவதியானது. 2010-இல் வந்த கிண்டில் கீபோர்டில், 189 டாலருக்கு விற்ற 3ஜி மாடலில், சிம் செலவை அமேசானே ஏற்றுக்கொண்டது. உள்ளே ஓர் எளிய உலாவி இருந்தது. பல நாடுகளில் அதைத் திறந்து, காசில்லாமல் மின்னஞ்சல் பார்க்கலாம், விக்கிப்பீடியா படிக்கலாம். துறைமுகத்தில் இறங்கியதும் பெஞ்சில் உட்கார்ந்து அந்தக் குட்டி விசைகளைத் தட்டி வீட்டுக்கு இரண்டு வரி அனுப்புவது குரூஸ் பயணிகளிடையே பிரபலமான உத்தியாக இருந்தது. அப்போதும்கூட நடுக்கடலில் அது வேலை செய்யவில்லை. கரையிலுள்ள டவர்களைத்தான் அது நம்பியிருந்தது.

பிறகு ஒவ்வொரு கதவாகச் சாத்தப்பட்டது. 2011-இல் வந்த கிண்டில் டச் 3ஜியில் அமேசான் கடையும் விக்கிப்பீடியாவும் மட்டும்தான் 3ஜியில் திறந்தன. மற்றதற்கெல்லாம் வைஃபை வேண்டும். 2012-இல் பழைய கீபோர்டு மாடலுக்கும் மாதம் 50 எம்பி என்று வரம்பு வந்தது. 2022-இல் அமெரிக்காவில் பெரிய 3ஜி நெட்வொர்க்குகளே மூடப்பட்டன. 2007-இல் வந்த முதல் கிண்டிலிலும் அதற்கடுத்த மாடலிலும் வைஃபையே கிடையாது என்பதால், டவர் போனதும் அவற்றுக்குக் காற்றுவழித் தொடர்பு அடியோடு போனது. கீபோர்டு மாடலில் வைஃபை உண்டு, ஆனால் அதன் உலாவிக்கு வயதாகிவிட்டது. இன்றைய பாதுகாப்பு முறைகளை அது அறியாததால் பல தளங்கள் திறக்காது.

ஆகவே இணையத்துக்காகப் பழைய 3ஜி கிண்டில் வாங்காதீர்கள். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் சாதாரண வைஃபை கிண்டிலே போதும், அதை வைத்தே கப்பலில் நல்ல தொகையை மிச்சப்படுத்தலாம். கடலில் போய் இணையத்தைத் தேடாமல், கரையிலேயே அள்ளி நிரப்பிக்கொண்டு போக வேண்டும். நடுவில் தேவைப்படும் சொற்ப இணையத்தை ஒரே ஒரு கருவிக்கு மட்டும் வாங்கினால் போதும். சிங்கப்பூர், பினாங்கு, புக்கெட் என்று நான்கு இரவு சுற்றிவரும் பாதையை வைத்தே சொல்கிறேன், நம்மவர்கள் அதிகம் போவது அதுதான்.

கப்பலில் மூன்று இணையம்

முதலாவது கப்பலின் வைஃபை. முன்பெல்லாம் இது 35,786 கிலோமீட்டர் உயரத்திலிருக்கும் செயற்கைக்கோள்களுக்குப் போய்த் திரும்பும். ஒரு பக்கம் திறப்பதற்குள் காபி ஆறிவிடும். இப்போது பல கப்பல்களில் சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் வழியே இணையம் தரும் ஸ்டார்லிங்க் வந்துவிட்டது. குரூஸ் நிறுவனமான ராயல் கரீபியன் தன் கப்பல்கள் எல்லாவற்றிலும் அதைப் பொருத்துவதாக 2022 ஆகஸ்டில் அறிவித்தது. வேகம் கூடியது, விலை இறங்கியபாடில்லை. பெரிய நிறுவனங்களில் ஒரு கருவிக்கு ஒரு நாளுக்கு 20 டாலர் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். நான்கு பேர், ஆளுக்கொரு போன், நான்கு நாள்: 320 டாலர். அந்தப் பணத்துக்கு பினாங்கில் எத்தனை வேளை சாப்பிடலாம்!

இரண்டாவது கப்பலுக்குள்ளேயே இருக்கும் செல்போன் டவர். ஆபத்து இங்கேதான் இருக்கிறது. கரையை விட்டு விலகியதும் இது உயிர்பெறும். ரோமிங் திறந்திருந்தால் உங்கள் போன் கேட்காமலே ஒட்டிக்கொள்ளும். இது கடல்சார் ரோமிங், செயற்கைக்கோள் வழியாகப் போவது. நீங்கள் வாங்கிய வெளிநாட்டு ரோமிங் பேக் பெரும்பாலும் இதற்குச் செல்லாது. எனக்கு இது ஒரு முறை நடந்தது. இரவில் போனை மாற்றி வைக்க மறந்து தூங்கிவிட்டேன். காலைக்குள் வாட்ஸ்அப்பும் போட்டோ பேக்கப்பும் சேர்ந்து தின்ற டேட்டாவுக்கு வந்த பில், அந்தப் பயணத்தில் நான் வாங்கிய எல்லாச் சாமான்களையும்விட அதிகம்.

மூன்றாவது கரையோர டவர்கள். துறைமுகத்திலும், கிளம்பிய கொஞ்ச நேரம்வரையிலும் கிடைக்கும். உங்கள் இ-சிம் (அட்டையில்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம்) வேலை செய்வது இங்கே மட்டும்தான். கடையில் "கப்பலிலும் வரும் சார்" என்று சொன்னால் நம்பாதீர்கள்.

வீட்டிலேயே முடிக்க வேண்டியவை

பாதி வேலை இதுதான், அவசரப்படாமல் செய்யுங்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே கிண்டிலை வைஃபையில் போட்டு, சார்ஜில் வைத்து, மென்பொருளைப் புதுப்பித்துவிடுங்கள். கப்பல் வைஃபையில் அப்டேட் இறங்க ஆரம்பித்தால் அது உங்கள் காசு.

அடுத்தது புத்தகங்கள். எல்லோரும் தவறுவது இதில்தான். கிண்டில் முகப்பில் அட்டைப்படம் தெரிந்தால் புத்தகம் உள்ளே இருக்கிறது என்று அர்த்தமில்லை. அது மேகக்கணியில், அதாவது அமேசானின் சர்வரில் மட்டும், இருக்கலாம். லைப்ரரியில் பில்டரை மாற்றி, இறக்கியவற்றை மட்டும் காட்டச் சொல்லுங்கள். பட்டியல் திடீரென்று சுருங்கும். விடுபட்டதையெல்லாம் தட்டி இறக்குங்கள். பிறகு பிளைட் மோடில் போட்டு, ஒவ்வொன்றையும் ஒரு முறை திறந்து நாலு பக்கம் தள்ளிப் பாருங்கள். அகராதியும் அப்படியே, ஒரு சொல்லை அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். கிண்டில் அன்லிமிடெட் என்ற அமேசானின் சந்தா நூலகத்தை வைத்திருப்பவர்கள் ஒரே நேரத்தில் 20 நூல்கள்வரை எடுத்து வைத்துக்கொள்ளலாம். பயணத்துக்கு நடுவில் சந்தா முடிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

காசில்லாமல் தமிழ் வேண்டுமா? ஃப்ரீதமிழ்இபுக்ஸ் தளத்தில் இபப் (திரைக்கேற்ப எழுத்து ஒழுங்காகும் மின்னூல் வடிவம்) கோப்புகளோடு ஆறு அங்குலத் திரைக்கென்றே அளவெடுத்த பிடிஎஃப்பும் தருகிறார்கள். தமிழ் விக்கிமூலத்திலிருந்து பழைய நூல்களை இபப்பாக இறக்கலாம். தமிழ் இலக்கியங்களை இலவச மின்னூலாக்க 1998-இலிருந்து நடக்கும் மதுரைத் திட்டத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சாதாரண ஏ4 பிடிஎஃப்பைக் கிண்டிலில் ஏற்றிவிட்டு எழுத்து எறும்பு போலத் தெரிகிறதே என்று அலுத்துக்கொள்ளாதீர்கள், கிடைத்தால் இபப்பையே எடுங்கள். சொந்தக் கோப்புகளைக் கிண்டிலுக்கு அனுப்பும் அமேசானின் 'சென்ட் டு கிண்டில்' வசதி, 2022-இலிருந்து இபப்பை நேரடியாக ஏற்கிறது.

அப்புறம், கப்பலில் கூகுள் செய்து பார்க்கப் போகிறவற்றை முன்கூட்டியே யோசியுங்கள். கப்பல் டிக்கெட், பயணத் திட்டம், விசா நகல், ஹோட்டல் முகவரி, காப்பீட்டு எண், துறைமுகத்திலிருந்து எந்தப் பேருந்து, எது எத்தனை மணிக்கு மூடும் என்று எல்லாவற்றையும் ஒரே வேர்ட் கோப்பில் ஒட்டிக் கிண்டிலுக்கு அனுப்புங்கள். இலவசப் பயண வழிகாட்டித் தளமான விக்கிவாயேஜில் பினாங்கு, புக்கெட் பக்கங்களையும் அனுப்பி வையுங்கள். பாஸ்போர்ட் விவரத்தைப் போடுவதாக இருந்தால் கிண்டிலுக்குக் கடவுக்குறி போடுங்கள். எப்படியும் போட வேண்டும். அதில் உங்கள் அமேசான் கணக்கு திறந்தே கிடக்கிறது, யாராவது எடுத்தால் ஒரே தட்டில் புத்தகம் வாங்கலாம்.

போனில், இணையமின்றி விக்கிப்பீடியா படிக்க உதவும் கிவிக்ஸ் செயலியைப் போட்டு, தமிழ் விக்கிப்பீடியாவையே மொத்தமாக இறக்கி வைக்கலாம். கூகுள் மேப்ஸில் அந்தந்த ஊரின் ஆஃப்லைன் வரைபடமும் எடுத்துவிடுங்கள். கிண்டில் வரைபடத்துக்கு ஆகாது, அதில் அடம்பிடிக்காதீர்கள்.

ஓடிபி கேட்கும் வேலைகளைக் கரையிலேயே முடியுங்கள். கடன் தவணை, மின் கட்டணம், கிரெடிட் கார்டு எதுவும் நடுக்கடலில் நினைவுக்கு வரக்கூடாது. பிளைட் மோடில் இருக்கும் போனுக்கு எஸ்எம்எஸ் வராது.

வீட்டில் ஒரு ஆளை வைத்துக்கொள்ளுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த வழி இது. ஒவ்வொரு கிண்டிலுக்கும் ஒரு மின்னஞ்சல் முகவரி உண்டு. அமேசான் கணக்கில், சொந்த ஆவணங்களுக்கான அமைப்புகளில் அதைப் பார்க்கலாம். அதே பக்கத்தில், யார் யார் அந்த முகவரிக்கு அனுப்பலாம் என்ற பட்டியலும் இருக்கும். அதில் தங்கையின் முகவரியையோ மகனின் முகவரியையோ சேருங்கள். சேர்க்காத முகவரியிலிருந்து வருவது உள்ளே வராது. கிளம்பும் முன் ஒரு சோதனை அஞ்சல் கட்டாயம்.

பிறகு அவர்கள் வீட்டிலிருந்து நீங்கள் படிக்க விரும்பும் கட்டுரையையோ, வீட்டுச் செய்தியையோ, பாட்டியின் ரத்தப் பரிசோதனை முடிவையோ ஒரு கோப்பாக இணைத்து அனுப்பினால் போதும், ஒரு அஞ்சலில் 50 எம்பி வரை போகும். உங்கள் கிண்டில் அடுத்த முறை ஏதாவது வைஃபையைத் தொட்டதும் எல்லாம் தானாக இறங்கும். துறைமுகத்தில் ஐந்து நிமிடம் போதும். பதில் அனுப்புவது மட்டும் போனில்தான். என் தங்கை ஒரு முறை "அண்ணா படிக்க" என்று பெயரிட்டு, அப்பா சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்து மூன்று பக்கம் அனுப்பியிருந்தாள். வாட்ஸ்அப்பில் வந்திருந்தால் அதை நான் அவ்வளவு நிதானமாகப் படித்திருக்க மாட்டேன்.

கொஞ்சம் கணினி தெரிந்தவர்களுக்கு இன்னொரு படி உண்டு. காலிபர் என்ற இலவச மென்பொருளில் செய்தி இறக்கும் வசதி இருக்கிறது. தி இந்து உட்பட ஏராளமான நாளிதழ்களுக்கு அதில் தயார் செய்முறைகள் இருக்கின்றன. தினமும் காலை ஆறு மணிக்கு இறக்கு, இறக்கியதும் இந்தக் கிண்டில் முகவரிக்கு அனுப்பு என்று சொல்லிவிட்டு வீட்டுக் கணினியை அணைக்காமல் விட்டுவந்தால் அது பாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். ஜிமெயில் வழியாக அனுப்ப வேண்டுமானால், வழக்கமான கடவுச்சொல் வேலை செய்யாது; கூகுள் கணக்கில் தனியாக ஒரு செயலிக் கடவுச்சொல் உருவாக்கித் தர வேண்டும். பலர் மாட்டிக்கொள்ளும் இடம் அது. இரண்டு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மின்வெட்டு உள்ள ஊரென்றால் இதை நம்ப வேண்டாம், தங்கைதான் மேல்.

சாங்கியில் கடைசி நிரப்பல்

சாங்கி விமான நிலையத்தில் இலவச வைஃபை உண்டு. அங்கேயே கிண்டிலை ஒரு முறை இணைத்து வந்து சேர வேண்டியதைச் சேர்த்துவிடுங்கள். கப்பல் முனையத்தில் வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும், நின்று நிதானமாகச் செய்ய முடியாது. கப்பல் நிறுவனத்தின் செயலியையும் போனில் முன்பே இறக்கியிருக்க வேண்டும்.

கப்பலில் ஏறியதும்

எல்லாப் போனும் பிளைட் மோடுக்கு. பிறகு வைஃபையை மட்டும் ஆன் செய்யுங்கள். குழந்தைகளின் போனையும் வாங்கி நீங்களே பாருங்கள், "போட்டுட்டேன்" என்ற சொல்லை நம்பாதீர்கள்.

பெரும்பாலான கப்பல்களில் வைஃபையில் இணைவது இலவசம். அன்றைய நிகழ்ச்சிகள், சாப்பாட்டு நேரம், உங்கள் கணக்கில் ஏறிய பில் எல்லாம் அந்தச் செயலியில் வரும். வெளியுலகுக்குப் போவதற்குத்தான் பணம். சில நிறுவனங்கள் பயணிகள் தங்களுக்குள் அரட்டையடிக்கும் வசதியையும் அதே செயலியில் இலவசமாகவோ சிறு கட்டணத்துக்கோ தருகின்றன. பதினான்கு மாடிக் கப்பலில் மாமியாரைத் தேடி அலைவதற்கு அது போதும்.

வெளி இணையம் வேண்டுமென்றால் ஒரே ஒரு கருவிக்கான திட்டத்தை வாங்குங்கள். பெரும்பாலும் ஒரு கருவியில் லாக் அவுட் செய்துவிட்டு இன்னொன்றில் லாகின் செய்ய விடுவார்கள். ஆகவே நீங்கள் காலையில், மனைவி மதியம், பையன் இரவில் என்று முறை வைத்துக்கொள்ளலாம். முழுப் பயணத்துக்கும் வாங்க வேண்டிய அவசியமும் இல்லை. கப்பல் எந்தத் துறைமுகத்தையும் தொடாத நாளுக்கு மட்டும் ஒரு நாள் திட்டம் போதும். அது நள்ளிரவோடு முடிகிறதா, 24 மணி நேரமா என்று கேளுங்கள். 24 மணி நேரமென்றால் மாலை ஆறுக்குத் தொடங்கினால் இரண்டு நாளுக்குப் பிரித்துக்கொள்ளலாம். ஏறுவதற்கு முன் இணையத்தில் வாங்கினால் விலை பெரும்பாலும் குறைவு.

கிண்டிலைக் கப்பல் வைஃபையில் இணைத்தால் பொதுவாக லாகின் பக்கம் தானே வரும். வராவிட்டால் மேலே மூன்று புள்ளி மெனுவில் உலாவியைத் திறந்து neverssl.com என்று அடியுங்கள், லாகின் பக்கம் எட்டிப்பார்க்கும். பழைய கிண்டில்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டுமே பிடிக்கும் என்பதால் அறையில் சிக்னல் தெரியாமல் போகலாம். லிஃப்ட் அருகே, லாபியில் முயன்று பாருங்கள்.

அந்த உலாவியில் எதையெல்லாம் எதிர்பார்க்கலாம்? எழுத்து மட்டும் உள்ள பக்கங்கள் அருமையாக வரும். விக்கிப்பீடியா, வானிலை, சிஎன்என்னின் எழுத்து மட்டுமான லைட் தளம். ஜிமெயிலின் எளிய ஹெச்டிஎம்எல் வடிவத்தை 2024-இல் கூகுள் நிறுத்தியதிலிருந்து கிண்டிலில் மின்னஞ்சல் பார்ப்பது பெரும்பாடு. வாட்ஸ்அப் செயலி அதில் கிடையாது. வங்கிக் கணக்கை அதில் திறக்கவே வேண்டாம். வீடியோ ஓடாது என்பதைக் குறையாக நினைக்காதீர்கள், அதனால்தான் அரை மணி நேரம் என்று உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் எழுந்திருக்கிறோம்.

போனில் வாங்கிய திட்டத்தைக் கிண்டிலுக்குப் பகிரவும் ஒரு வழி உண்டு. சாம்சங், பிக்சல் போன்ற சில ஆண்ட்ராய்டு போன்கள் வைஃபையில் இணைந்திருக்கும்போதே ஹாட்ஸ்பாட்டும் தரும். இதைக் கப்பல் விதிகள் அனுமதிக்கின்றனவா என்று படித்துப் பாருங்கள். ஒரே இணைப்பைப் பல கருவிகளுக்குப் பகிரும் பயண ரவுட்டர்களைச் சில நிறுவனங்கள் வெளிப்படையாகவே தடை செய்திருக்கின்றன. பெட்டியில் வைத்திருந்தால் ஏறும்போதே எடுத்துவிடுவார்கள்.

ஆண்ட்ராய்டில் ஓடும் பூக்ஸ் போன்ற இ-ரீடர் வைத்திருப்பவர்களுக்கு வாட்ஸ்அப் உட்பட எல்லாமே அதில் கிடைக்கும். ஆனால் அது பின்னணியில் தன்னிஷ்டத்துக்கு டேட்டா தின்னும், செயலி அப்டேட்களை நிறுத்திவிட்டு இணையுங்கள்.

நீச்சல் குளத்துப் பக்கம் எடுத்துப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2018-இலிருந்து கிண்டில் பேப்பர்வைட் மாடலுக்கு ஐபிஎக்ஸ்8 என்ற நீர்புகாத் தரம் உண்டு. நல்ல தண்ணீரில் இரண்டு மீட்டர் ஆழத்தில் ஒரு மணி நேரம் தாங்கும். கடல் நீர் என்றால் கால் மீட்டரில் மூன்று நிமிடம்தான். உப்புத் தண்ணீர் பட்டால் நல்ல தண்ணீரில் அலசித் துடைத்துக் காயவிட்டு அப்புறம் சார்ஜ் போடுங்கள்.

துறைமுகங்களில்

பினாங்கில் கப்பல் ஸ்வெட்டன்ஹாம் பியர் என்ற கப்பல் துறையில் வந்து நிற்கும், ஜார்ஜ் டவுனுக்கு நடந்தே போகலாம். பத்துப் பதினைந்து நிமிட நடையில் லிட்டில் இந்தியா. தெரு முழுக்கத் தமிழ்ப் பாட்டு, தமிழ்ப் பலகை. சிம் வேண்டுமென்றால் தமிழிலேயே பேரம் பேசலாம், பாஸ்போர்ட் கேட்பார்கள். அரை நாளுக்காகத் தனி சிம் வாங்குவது வீண் என்பது என் கருத்து. சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றுக்கும் சேர்த்த ஒரு இ-சிம்மை ஊரிலேயே வாங்கிப் போனில் போட்டு, இறங்கியதும் அதிலிருந்து கிண்டிலுக்கு ஹாட்ஸ்பாட் கொடுங்கள். இல்லாவிட்டால் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து டீ சொல்லிவிட்டு வைஃபை கடவுச்சொல் கேளுங்கள். 1833-இல் எழுந்த குயின் வீதி மகா மாரியம்மன் கோயிலும் பக்கத்திலேயே இருக்கிறது. கிண்டில் நிரம்பும் நேரத்தில் ஒருவர் காவலிருக்க, மற்றவர்கள் போய்க் கும்பிட்டு வரலாம்.

கடை தெரியாத ஊரில் கப்பல் ஊழியர்கள் எங்கே போகிறார்கள் என்று பாருங்கள். மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்திருப்பவர்கள் அவர்கள். நல்ல வைஃபை எங்கே என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

இறங்கியதும் செய்ய வேண்டிய வரிசை: முதலில் கிண்டிலை இணைத்து ஓரமாக வைத்துவிடுங்கள், அது பாட்டுக்கு இறக்கும். அதற்குள் போனில் வீட்டுக்கு ஓர் அழைப்பு. திரும்பும் விமானத்துக்கு வெப் செக்-இன் திறந்துவிட்டதா பாருங்கள், போர்டிங் பாஸைப் போனில் சேமியுங்கள். கப்பலுக்குத் திரும்பும் முன் மறக்காமல் பிளைட் மோட்.

புக்கெட்டில் ஒரு விஷயத்தில் கவனம் தேவை. அங்கே பெரிய கப்பல்கள் வழக்கமாகப் பாத்தோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரமிட்டு, டெண்டர் படகுகளில் ஆளை இறக்கிவிடும். தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் பெரும்பாலும் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடும், ஆனால் கரை டவரைத் தொட்டதும் உங்கள் போன் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். கடைசிப் படகு ஐந்து மணி என்றால், போன் நான்கு காட்டும்போதே படகு கிளம்பிவிடும். கப்பலிலிருந்து இறங்கும் முன் அறைத் தொலைக்காட்சியில் கப்பல் நேரத்தைப் பார்த்து, கையில் சாதாரண முள் கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள்.